ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத ஸ்டேஷன்

நான் அமெரிக்கா போனது ஒரே ஒரு காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க. கொடுத்த பிறகு மூன்று மாதம் தங்கிவிட்டேன் என்பது தனிக்கதை.

அந்தக் காகிதம் என் மகள் கல்பனாவின் பிறப்புச் சான்றிதழ். அவள் பிறந்தபோது பதிவேட்டில் 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு டியூட்டிக்கு ஓடிவிட்டேன். பிறகு பெயர் வைத்தோம், பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், வேதியியலில் எம்.எஸ்ஸி. படிக்க வைத்தோம், கல்யாணமும் செய்து கொடுத்தோம். பதிவேட்டில் மட்டும் அவள் பெண் குழந்தையாகவே இருந்தாள். இருபத்தேழு வருஷம் கழித்து அமெரிக்க அரசாங்கம், "அந்தப் பெண் குழந்தை நீதான் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டது. நியாயமான கேள்விதான். நகராட்சிக்கும் தாலுகா ஆபீசுக்கும் நாலு மாதம் நடையாக நடந்து பெயரைச் சேர்த்து வாங்கினேன். வாங்கியதைத் தபாலில் போட மனசு வரவில்லை.

கல்பனாவுக்கும் மருமகன் செந்திலுக்கும் கிரீன் கார்டு இன்டர்வியூ அந்த வியாழக்கிழமை. கல்பனா நான்கு வருஷமாக வீட்டில் சும்மா இருந்தாள். பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. கார்டு கிடைத்ததும் வா, இந்த மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அசல் சான்றிதழ் இல்லாமல் போனால் இன்டர்வியூ தள்ளிப்போகும். அடுத்த தேதி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, வேலையும் போய்விடும். ஆகையால் இருபத்திரண்டு மணி நேர விமானப் பயணத்தில் அந்தப் பழுப்புக் கவரை மடியிலிருந்து நான் இறக்கவே இல்லை. அதே மாதிரி இன்னொரு பழுப்புக் கவரும் பெட்டியில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திங்கட்கிழமை நானும் மனைவியும் வந்து இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து நியூ ஜெர்சிக்குள் போகும் வழியெல்லாம் கார், கார், கார். மனுஷர் ஒருவர் நடந்துபோவதைக் காணவில்லை. திடீரென்று ஒரு மேட்டின் மேல் தண்டவாளம் தெரிந்தது.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றேன்.

"மாமா, இது ஃப்ரீவேங்க. நிறுத்தினா டிக்கெட் குடுத்துருவான்" என்றார் செந்தில்.

"ரயிலுக்கா?"

"இல்லைங்க மாமா, எனக்கு. அபராதச் சீட்டு."

முப்பத்துமூன்று வருஷம் ரயில்வேயில் இருந்தவன் நான். ஈரோட்டுக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே ஐந்தாறு ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டர். அந்தப் பாதையில் போகிற வருகிற வண்டிகளுக்குத் தனித்தனி லைன். போகிற வண்டி எப்போதும் தன் இடது பக்க லைனில் போகும், வருகிற வண்டியும் அப்படியே. இது எனக்குச் சாப்பிடுகிற கை வலது கை என்பது போலத் தெரிந்த விஷயம். இதைச் சொல்லிவைப்பது அவசியம், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் அவமானம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தூங்கினோம். எழுந்தபோது ராத்திரியா பகலா என்று தெரியவில்லை. என் மனைவி விசாலாட்சி எழுந்ததும் அரிசிம்பருப்புச் சாதம் வைத்தாள். குக்கர் விசில் ஊதியதும் கூரையில் ஒரு மணி அலறியது. புகை வந்தால் கத்துகிற மணியாம். "சோறாக்குனா கூடவா புகார் பண்ணும்?" என்று விசாலாட்சி முறத்தால் விசிறி அதை அடக்கினாள். முறத்தையும் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

புதன்கிழமை காலை ஸ்டேஷனைத் தேடி நடந்தேன். வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் மூன்று கார்கள் நின்றன. மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஐயா, வழி தவறிவிட்டீர்களா?" அந்த ஊரில் நடந்து போகிறவன் ஒன்று கார் பஞ்சர் ஆனவனாக இருக்க வேண்டும், அல்லது புத்தி பிசகியவனாக இருக்க வேண்டும். "ஐ ஆம் கோயிங் டு சீ தி ஸ்டேஷன்" என்றேன். ஒரு அம்மாள் இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் அழகாக இருந்தது. செங்கல் கட்டடம், சரிந்த கூரை, உள்ளே தேய்ந்து பளபளத்த நீள மரப் பெஞ்சுகள். பித்தளைக் கம்பி போட்ட டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெண்மணி ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் டோரதி.

"ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

"அப்படி யாரும் இல்லையே."

"லீவா?"

"லீவு இல்லை. அந்த வேலையே இல்லை. நான்தான் டிக்கெட் கொடுக்கிறேன். மதியம் ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன். அதற்குப் பிறகு இந்த இடம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்."

எனக்குப் பகீரென்றது. சிக்னல் எல்லாம் வெகுதூரத்தில் ஒரு கட்டடத்திலிருந்து யாரோ பொத்தானை அழுத்தி மாற்றுகிறார்களாம். மணி கிடையாது, கொடி கிடையாது, பிளாட்பாரத்தில் நின்று வண்டியை அனுப்பிவைக்க ஆள் கிடையாது. நான் யார் என்று சொன்னேன். டோரதி குறுக்கெழுத்தை மூடி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தார். "சகோதரா, வா, சுற்றிக் காட்டுகிறேன்" என்றார்.

பென்சில்வேனியா மலைகளிலிருந்து நிலக்கரியைக் கடலோரத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. கரியோடு பாலும் போனதாம். விடிவதற்குள் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் கேன் கேனாகக் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் அடுக்குவார்கள், காலை வண்டி அள்ளிக்கொண்டு போகும். டோரதியின் அப்பா இங்கே மூட்டை தூக்கியவர். கார்களும் லாரிகளும் பெருகியதும் கரியும் பாலும் சாலைக்குப் போய்விட்டன. கம்பெனி நொடித்துப்போக, அரசாங்கம் எடுத்து, வேலைக்குப் போகிறவர்களுக்காக மட்டும் வண்டி விடுகிறது. சரக்குக் கொட்டகை இப்போது முடிதிருத்தும் கடை. பெண்களுக்கென்று இருந்த தனி வெயிட்டிங் ரூமில் சைக்கிள்கள் நிற்கின்றன.

டிக்கெட் அறையிலிருந்து ஒரு ஜன்னல் மட்டும் பிளாட்பாரத்தை நோக்கித் துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் தந்தி அடிப்பவர் அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்காமலே இரண்டு பக்கமும் வண்டி வருவதைப் பார்க்கலாமாம். இப்போது டோரதி அங்கே ஒரு மணிபிளான்ட் தொட்டி வைத்திருந்தார். தொட்டியை நகர்த்திவிட்டு, "உட்கார்ந்து பார்" என்றார். உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் தண்டவாளம் வெயிலில் மின்னியது. ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

சட்டைப் பையில் வைத்திருந்த கைமுறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் எதிர்க்கடையிலிருந்து பேகல் என்ற ஒன்றை வாங்கிக் கொடுத்தார். நம் மெதுவடை போல நடுவில் ஓட்டை, ஆனால் கடித்தால் பல் நமக்குச் சொந்தமா என்று சந்தேகம் வருகிறது. முறுக்கைக் கடித்த டோரதிக்கும் அதே சந்தேகம் வந்ததை அவர் முகத்தில் பார்த்தேன்.

"நீ ரயில்காரன். இங்கே என்ன குறை, சொல்" என்று கேட்டார். விடுவேனா? வெயிட்டிங் ரூம் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. குடிதண்ணீர்க் குழாய் இல்லை. பிளாட்பாரம் தரைமட்டத்தில் இருக்கிறது, வயதானவர்கள் எப்படி ஏறுவார்கள்? புகார்ப் புத்தகம் எங்கே? டோரதி சிரித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பதினோரு குறைகள் சொன்னேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அதே பேச்சு. "மாப்பிள்ளை, ஒண்ணு கவனிச்சீங்களா? உங்க ஊர்ல ரயில் வலது பக்கம் ஓடுது. காருக்கு மட்டுமில்ல, ரயிலுக்கும் அப்படித்தான். ஸ்டேஷன் கட்டடத்தை ஒட்டி நிக்கிறது மேற்கே போற வண்டி. கிழக்கே நியூவார்க் போறவங்க சுரங்கப்பாதை வழியா அந்தப் பக்கம் போகணும். சாதாரண ஜனங்க நம்மூர் ஞாபகத்துல இந்தப் பக்கமே நின்னு ஏமாந்துருவாங்க."

"நாலு வருஷமா இங்கிருக்கறேன், நான் இதைக் கவனிக்கவே இல்லைங்க மாமா" என்றார் செந்தில். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு கல்பனாவும் செந்திலும் இன்டர்வியூ நடக்கும் நியூவார்க் நகரத்துக்குக் காரில் கிளம்பினார்கள். இன்டர்வியூ பதினோரு மணிக்கு. பெட்டியைத் திறந்து பழுப்புக் கவரை எடுத்து, சாமி படத்தின் முன் வைத்து, கல்பனாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன்.

"ஏனுங்க, ஒருக்கா பிரிச்சுப் பாத்துக் குடுங்களேன்" என்றாள் விசாலாட்சி.

"முப்பத்துமூணு வருஷம் சர்வீஸ்ல நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேனா?" என்றேன்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. கல்பனாதான். "அப்பா, கவர்ல என்ற சர்டிபிகேட் இல்லீங்கப்பா. உங்க சர்டிபிகேட்டு இருக்குது."

இப்போது அந்த இரண்டாவது கவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஓய்வு பெற்ற அன்று ரயில்வேயில் கொடுத்த பாராட்டுப் பத்திரம். 'பணிக்காலம் முழுவதும் எந்தப் பிழையும் இன்றிச் சேவை புரிந்தமைக்காக' என்று ஆங்கிலத்தில் பொன் எழுத்தில் இருக்கும். மருமகனின் சிநேகிதர்களிடம் காட்டலாம் என்று எடுத்துவந்திருந்தேன். இரண்டு கவரும் ஒரே ஆபீஸ் கவர்; வீடு வந்ததும் மடியில் இருந்ததையும் அதே பெட்டியில்தான் வைத்தேன்.

"மாமா, டென்ஷன் ஆகாதீங்க" என்று செந்தில் போனை வாங்கிக்கொண்டார். "நான் திரும்பி வந்தா டிராஃபிக்ல மாட்டிக்குவேன். எங்களைக் கூப்பிடறப்ப ரெண்டு பேரும் இங்க இருக்கணும். ஒன்பது முப்பத்திரண்டுக்கு ஒரு டிரெய்ன் இருக்குதுங்க. உங்களால வர முடியுங்களா?"

ரயிலில் வர முடியுமா என்று என்னைக் கேட்கிறார்! "வெச்சுருங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஓடினேன். இந்த முறை கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன்.

அறுபத்துமூன்று வயதில் வேட்டியில்லாமல் பேண்டும் ஷூவும் போட்டு ஓடுவது லேசல்ல. நான்கு கார்கள் நின்றன. "ஸ்டேஷன், ஸ்டேஷன்" என்று கத்திக்கொண்டே கடந்தேன். டோரதியிடம் டிக்கெட்டை வாங்கியபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஐ நோ, ஐ நோ" என்று வெளியே பாய்ந்தேன்.

பிளாட்பாரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது! மணி ஒன்பது இருபத்தொன்று. முந்தைய வண்டி தாமதமாக வந்திருக்கிறது, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். நம் ஊரில் இப்படி எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள்! என்ஜின் நியூவார்க் பக்கத்துக் கோடியில் இருந்தது. வண்டி நிற்பதும் இடது பக்க லைன். இதற்கு மேல் ஒரு ரயில்காரனுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி நகர்ந்தது. பின்பக்கமாக நகர்ந்தது. தடம் மாற்றுவதற்காகப் பின்னால் தள்ளுகிறார்கள், இப்போது நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. வேகம் பிடித்தது. காலை நேரத்தில் கிழக்கே போகிற வண்டியில் வெயில் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். இது வால் பக்கத்து ஜன்னல்களில் அடித்தது. அப்போதுதான் ராத்திரி சாப்பாட்டில் நான் பேசியது முழுவதும் காதில் ஒலித்தது. மூளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கால்தான் முப்பத்துமூன்று வருஷப் பழக்கத்தில் இடது பக்கமே நின்றுவிட்டது.

கண்டக்டர் வந்தார். வட்டத் தொப்பி, நரைத்த மீசை, கையில் டிக்கெட் கொறிக்கும் கருவி. டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, நியூவார்க் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது."

"என்ஜின் அந்தப் பக்கம் இருந்ததே!" என்றேன், ஏறக்குறைய அழுகையோடு.

"இங்கே என்ஜின் ஒரு பக்கம் போகும்போது இழுக்கும், மறுபக்கம் வரும்போது தள்ளும். டிரைவர் அந்தக் கோடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார்."

வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே பயணிகளை ஏற்றிப் போகிறார்கள்! வேறு நாளாக இருந்தால் அரைமணி நேரம் விசாரித்திருப்பேன். கவரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மகள், கார்டு, வேலை, பதினோரு மணி. கடைசியில் நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் என்பதையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்கள் ஏற வேண்டிய வண்டி எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் சந்திப்போம். ஆனால் நாங்கள் இன்றைக்குத் தாமதம். நாங்கள் நிற்பதற்குள் அது கிளம்பிவிடக்கூடும்." வாக்கிடாக்கியை எடுத்தார். அதில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "உனக்கு ஒரு பயணி கொண்டுவருகிறேன். அரை நிமிஷம் பிடித்து வை. நம்ம ஆள்."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் சர்வீஸில் ஒரு பயணிக்காகவும் நான் வண்டியைப் பிடித்து வைத்ததில்லை. ஒருமுறை ஒரு கல்யாண மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பிளாட்பாரத்தில் ஓடி வந்தார். மணியைப் பார்த்தேன், கொடியைக் காட்டிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திட்டினார்கள். விதி என்றால் விதி என்று அன்றைக்கு ரொம்பக் கர்வமாக இருந்தது.

வண்டி நின்றதும் கண்டக்டர் மஞ்சள் முக்காலியைக் கீழே போட்டு என் கையைப் பிடித்து இறக்கினார். சுரங்கப்பாதையில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி ஓடினேன். நியூவார்க் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரு பெண் கண்டக்டர் வாசலில் தொங்கியபடி, "ஸ்டேஷன் மாஸ்டரா? ஏறுங்கள், ஏறுங்கள்!" என்றார். பெட்டியிலிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்காக ஒரு வண்டி அரை நிமிஷம் நின்றிருக்கிறது. அந்த மாப்பிள்ளையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்தாவது நிமிஷம் அதே வண்டி எங்கள் ஊர் ஸ்டேஷனில் நின்றது. எதிர்ப் பிளாட்பாரத்தில் துருத்திய ஜன்னலில் மணிபிளான்ட். பக்கத்தில் டோரதி. நான் கவரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பயனில்லை. டோரதி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

பத்து நாற்பத்தைந்துக்கு நியூவார்க் ஆபீஸ் வாசலில் கல்பனா நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. கவரை வாங்கிப் பிரித்துத் தன் பெயரைப் படித்துப் பார்த்தாள். பிறகு என் சட்டை முழுக்க வியர்வையாக இருப்பதைக் கண்டு, துப்பட்டாவால் என் நெற்றியைத் துடைத்தாள். உள்ளே ஓடினாள். பெயர் எழுத மறந்துவிட்டு டியூட்டிக்கு ஓடிய நாளை நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவள் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினாள். கார்டு உறுதி என்று முத்திரை குத்தியிருந்தது. செந்தில் என்னிடம் அந்த இன்னொரு கவரை நீட்டினார். "மாமா, உங்க சர்டிபிகேட். மொதல்ல இதைத்தான் ஆபீசர்கிட்ட நீட்டப் பார்த்தோம்." பொன் எழுத்தை மூவரும் சேர்ந்து படித்தோம். எந்தப் பிழையும் இன்றி. கல்பனா சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் இருந்த மூன்று பேருக்கும் விலா வலித்தது.

வெள்ளிக்கிழமை கூச்சத்தோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில்காரர்களிடையே செய்தி பரவும் வேகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். வெயிட்டிங் ரூமிலிருந்து பிளாட்பாரத்துக்குப் போகும் கதவில் ஒரு புது அட்டை ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்தில், அம்புக்குறியோடு: 'நியூவார்க் போகிறவர்கள் சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கம் போகவும். ஸ்டேஷன் மாஸ்டர்களும்தான்.'

"பதினோரு குறை சொன்னாயே, பன்னிரண்டாவதை விட்டுவிட்டாய்" என்றார் டோரதி.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் கல்பனாவின் மேலதிகாரி அவளை நியூவார்க்கில் ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார். அட்டை அப்போதும் அந்தக் கதவிலேயே இருந்தது. அதற்குக் கீழே நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சுரங்கம் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றோம். வண்டி வந்தது. முக்காலியில் கால் வைத்து ஏறினாள், கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த டிபன் டப்பா. வாசலில் அதே நரைத்த மீசைக் கண்டக்டர். என்னை அடையாளம் கண்டுகொண்டு, நான் சொன்னால்தான் போவேன் என்பது போலக் காத்து நின்றார். என் கை தானாக உயர்ந்தது, கொடி இல்லாமலே. அவரும் கையை உயர்த்தினார். வண்டி கிளம்பியது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் தாமதம். டோரதியிடம் சொல்லவில்லை.